மூன்று மொய் நோட்டும் முந்நூறு வரி பைத்தானும்

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானபோது நான் நான்காவது செமஸ்டர் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். மாப்பிள்ளைக்கு ஆண்டிபட்டி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தட்டு மாற்றிய மறுநாளே அப்பா பரணில் ஏறி ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினார். உள்ளே மஞ்சள் பைக்குள் மூன்று நீள நோட்டுகள். 1999, அப்பா அம்மா கல்யாணம். 2008, எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து வைத்த காதுகுத்து. 2013, வீடு கட்டிப் பால் காய்ச்சியது. மூன்றும் மொய் நோட்டு. இவை போக, நாங்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்ததை அப்பா ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார்.

உசிலம்பட்டிப் பக்கம் மொய்க்குச் செய்முறை என்றும் ஒரு பெயர் உண்டு. கல்லூரியில் செய்முறை என்றால் லேப். இரண்டும் ஒரே விடுமுறையில் என் தலையில் விழும் என்று நினைக்கவில்லை.

அப்பா கேட்டது சின்ன விஷயம். "யாருக்கு நாம எவ்வளவு செஞ்சிருக்கோம், அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க, ஊர் வாரியா ஒரு லிஸ்ட் வேணும். பத்திரிகை வைக்கக் கிளம்பணும்." சரி, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றேன். நிரல் எழுதப் பைத்தான் மொழி, தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட், நான்கு பத்தி. பெயர், ஊர், தொகை, விழா. இதில் என்ன இருக்கிறது?

எங்கள் பக்கம் மண்டபங்களில் கம்ப்யூட்டர் மொய் புதிதல்ல. லேப்டாப்பும் பிரிண்டருமாக வந்து உட்கார்ந்து, பெயரை அடித்து, ரசீது கொடுத்து, கடைசியில் புத்தகமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அன்று வந்ததைத்தான் எழுதுவார்கள். 1999இல் யார் என்ன செய்தார்கள் என்பது அவர்களிடம் இருக்காது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பழைய பாதி.

முதலில் சோம்பேறித்தனமான வழியைத்தான் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளில் கொடுத்தேன். அதற்குத் தமிழ்த் தரவு உண்டு. அச்செழுத்தை ஓரளவு நன்றாகவே படிக்கும். மாமாவின் சாய்ந்த கையெழுத்தை, அதுவும் மழைத் தண்ணீர் இறங்கிய மசியை, அது படிக்கவில்லை. வாலாந்தூர் என்ற ஊர் இரண்டு எண்ணும் ஒரு அடைப்புக்குறியுமாக வந்தது. அன்று சாயங்காலமே அந்த வழியை விட்டுவிட்டேன்.

அப்புறம் கையால் அடித்தோம். அம்மா விடிகாலையில் தோட்டத்தில் மல்லி பறித்துப் பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்கு வருவார். காப்பி குடித்துவிட்டு நோட்டைப் பிரித்து வாசிப்பார், நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பேன். தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். கருப்பு, முத்து, செல்லம் என்று போகும் எங்கள் ஊர்ப் பெயர்களுக்கு இதைவிட வேகமான முறை இல்லை. ராத்திரியில் அக்கா தன் லேப்டாப்பில் 2013 நோட்டை அடித்தாள். தன் கல்யாணத்துக்குத் தானே கணக்கு எழுதுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அப்பத்தா சிரித்தது. 412, 731, 688. மொத்தம் 1,831 வரிகள். பதினோரு நாள் ஆனது.

பதினோராம் நாள் ராத்திரி முதல் பட்டியலை எடுத்தேன். பெயர் வாரியாகத் தொகையைக் கூட்டச் சொன்னால், எங்கள் சௌந்தரம் அத்தை இரண்டு இடத்தில் நிற்கிறார். திரையில் இரண்டு பெயரும் அச்சாக ஒன்றுபோலத் தெரிகின்றன. கணினி மட்டும் இரண்டும் வேறு என்கிறது.

எழுத்து எழுத்தாகப் பிரித்துக் குறியெண்ணைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் அடித்த சௌவில் ஔகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கிறது. அக்கா அடித்ததில் ஒற்றைக்கொம்பு ஒரு குறியீடு, அதன்பின் ளகர எழுத்து தனியாக ஒன்று. கண்ணுக்கு ஒன்று, உள்ளே வேறு. கௌசல்யாவுக்கும் இதே கதி. இது போக, அக்காவின் லேப்டாப்பில் இருந்த பழைய விசைப்பலகை கொ, கோ வரும்போதெல்லாம் கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பியிருந்தது. இந்த இரண்டாவதைச் சரிசெய்வது சுலபம்: எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடே இரண்டு வடிவத்தையும் சமம் என்று சொல்கிறது, பைத்தானின் யூனிகோடுடேட்டா என்ற தொகுப்பில் என்எஃப்சி என்ற வடிவத்தைக் கேட்டால் ஒரே வரியில் ஒன்றாக்கிவிடும். ஆனால் ளகரத்தைப் போட்டு ஔகாரம் ஆக்கியதை அது தொடாது. ஏனென்றால் அது சட்டப்படி வேறு எழுத்து. ஒற்றைக்கொம்புக்கு அடுத்து ள வந்து, அந்த ளகரத்துக்குப் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லையென்றால் மட்டும் மாற்று என்று ஒரு விதி எழுதினேன். வெள்ளைச்சாமி தப்பினார், தெளிவு தப்பியது, கௌசல்யா ஒன்றானார்.

அடுத்தது வரிசை. அப்பா ஊர் வாரியாகக் கேட்டிருந்தார், ஊருக்குள் பெயர் அகர வரிசையில். பைத்தானிடமே சாதாரணமாக வரிசைப்படுத்தச் சொன்னேன். வந்த வரிசை: அன்னக்கொடி, அய்யனார், அறிவழகன், அழகர். அம்மா பார்த்துவிட்டு, "இவ்வளவு படிச்சு, அகராதி வரிசை தெரியலையா?" என்றார். ரோஷமாக இருந்தது. ஆனால் அம்மா சொன்னதுதான் சரி. அய்யனார், அழகர், அறிவழகன், அன்னக்கொடி என்றுதான் வர வேண்டும்.

காரணம் யூனிகோடின் இருக்கை அமைப்பு. தமிழ் எழுத்துகளை அதில் இஸ்கி என்ற பழைய இந்தியக் குறிமுறையைப் பின்பற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். அது தேவநாகரிக்கு ஒத்த வரிசை. நகரத்துக்குப் பக்கத்தில் ன, ரகரத்துக்குப் பக்கத்தில் ற, ளகரத்தை ஒட்டி ழ. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ய ர ல வ ழ ள ற ன அங்கே இல்லை. புள்ளிக்கும் கடைசி இடம், எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால். அதனால் முதலைக்குளம் முந்திக்கொண்டு முத்துப்பட்டி பின்னால் போய்விடுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் நம் வரிசைப்படி ஓர் எண் கொடுத்து, மெய்யை அகரத்துக்கு முன்னால் நிறுத்தி, ஒரு சிறிய சார்பு (ஃபங்ஷன்) எழுதினேன். நாற்பது வரி. இந்தத் திட்டம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நாற்பது வரி அதுதான். அம்மாவிடம் காட்டினேன். "ம்" என்றார்.

இதுவரை வந்தது கணினியின் கோளாறு. அப்புறம் வந்தது மனிதர்களுடையது.

நோட்டு எழுதுகிறவர் வந்தவரின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதுவார். கருப்பையா, கருப்பய்யா. ரங்கம்மாள், ரெங்கம்மாள். ராமர், இராமர். சின்னச்சாமி, சின்னசாமி. இவர்களை ஒன்று சேர்க்க, முதலில் சொல் முதலில் வரும் இகரத்தை வெட்டி, அய்யை ஐ ஆக்கி, இரட்டித்த வல்லினத்தை ஒற்றையாக்கி ஒரு மட்டம் தட்டிய வடிவம் எடுத்தேன். அப்புறம் அந்த வடிவங்களுக்குள் எழுத்து வித்தியாசம் எத்தனை என்று எண்ணினேன். இதில் ஒரு பொறி இருக்கிறது: பைத்தானுக்குக் கோ என்பது ஓரெழுத்து அல்ல, இரண்டு. ஸ்ரீ நான்கு. அப்படியே எண்ணினால் வித்தியாசம் தாறுமாறாக வரும். ஓப்பன் தமிழ் என்ற நூலகத்தில் சொல்லை நாம் எண்ணுகிற எழுத்துகளாகப் பிரித்துத் தரும் சார்பு இருக்கிறது. அதைக் கொண்டு பிரித்தபின் எண்ணிக்கை நியாயமாக வந்தது. "ஒரே ஆளாக இருக்கலாம்" என்று 240 ஜோடிகள் விழுந்தன.

240ஐயும் யார் தீர்ப்பது? அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அதைவிட நல்ல டேட்டாபேஸ் எங்கள் வீட்டில் இல்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிப்பேன், அது வெற்றிலையை மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லும்.

"வாலாந்தூர் பெ. கருப்பையா, 1999இல் 51 ரூபாய். வாலாந்தூர் பெ. கருப்பய்யா, 2008இல் 201 ரூபாய். ஒரே ஆளா அப்பத்தா?"

"மொதல்ல சொன்னவன் டீக்கடைக்காரன். ரெண்டாவது மிலிட்டரி. அவென் அப்பன் பேரு பெருமாளு, இவென் அப்பன் பேரு பெரியசாமி."

ஒரே ஊர், ஒரே இனிஷியல், ஒரே பெயர். எந்தச் சூத்திரமும் பிரிக்க முடியாதவர்கள். இன்னும் மோசமாக ஒன்று செய்திருந்தேன். சின்னக்கருப்பு, சின்னகருப்பு என்ற இரண்டை ஒற்று வித்தியாசம்தானே என்று கேட்காமலே ஒன்றாக்கிவிட்டேன். தாத்தாவும் பேரனுமாம். தாத்தா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. "செத்தவனுக்குப் பத்திரிகை வைக்கப் பாத்தியாக்கும்" என்று அப்பத்தா அன்று முழுக்க வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தது.

அன்று ராத்திரியே பட்டப்பெயர் என்று ஒரு பத்தி சேர்த்தேன். டீக்கடை, மிலிட்டரி, கொத்தனார், கீழத்தெரு, ரேடியோ செட். ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். பெயர் சும்மா.

பத்தி சேர்ப்பது அதோடு நிற்கவில்லை. 1999 நோட்டில் 37 பேர் பணமே எழுதவில்லை. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஒரு மூட்டை அரிசி, கால் பவுன் மோதிரம். தொகை என்ற பத்தியில் இதையெல்லாம் எங்கே வைப்பது? அன்றைய விலையை விசாரித்து ரூபாயாக மாற்றிப் போடலாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பவுனுக்குப் பவுனாகத்தான் செய்ய வேண்டும் என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1999இல் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த கால் பவுன் 2025 ஆவணியில் பதினெட்டாயிரத்தைத் தாண்டி நின்றது. ரூபாயாக எழுதி வைத்திருந்தால் மோதிரம் போட்ட மாமா ஏமாந்து போயிருப்பார். பொருள், அளவு, அலகு என்று மூன்று பத்தியாக உடைத்தேன்.

அடுத்தது வாரிசு. மொய் ஆளோடு செத்துப் போவதில்லை. அப்பன் செய்தது மகனுக்கு வரும். அண்ணன் தம்பி பங்கு பிரிந்தால்? அதற்கு ஒரு விதி சொல்லுங்கள் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். விதி சொல்லாது, ஆளைச் சொல்லும். "எழுமலைக்காரங்க பாகம் பிரிச்சப்போ பழசு எல்லாம் மூத்தவனுக்குன்னு பேசிக்கிட்டாங்க. சேடப்பட்டியில பாதிப் பாதி." கடைசியில் ஆட்கள் ஓர் அட்டவணை, விழாக்கள் ஓர் அட்டவணை, செய்முறை ஓர் அட்டவணை, எந்த ஆளின் கணக்கு எந்த ஆளுக்கு எந்தப் பங்கில் போகிறது என்று நான்காவதாக ஒன்று. நான்கு பத்தியில் முடியும் என்று நினைத்தது நான்கு அட்டவணையில் வந்து நின்றது.

1999 நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: பேச்சியம்மாள், கருமாத்தூர், 11 ரூபாய். அப்பாவின் டைரியில் அந்தப் பெயரே இல்லை. பிள்ளைகுட்டி இல்லாதவராம், வீட்டில் விசேஷம் என்று ஒன்றும் நடக்கவில்லை, அதனால் நாங்கள் திருப்பிச் செய்யவில்லை. நிலுவை 11 ரூபாய் என்று பட்டியல் காட்டியது. அப்பத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பத்திரிகை வைக்கப் போறப்ப ஒரு சேலை எடுத்துட்டுப் போங்க" என்றது. அப்பா போனார். நன்றாகத்தான் இருக்கிறாராம்.

ஆடி முடிந்ததும் பிரிண்டர் வேலையில் இறங்கினேன். வகுப்பு நண்பன் ஒருவனிடம் 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர் ஒன்று சும்மா கிடந்தது. 1,200 ரூபாய்க்குக் கொடுத்தான். இந்த வகைப் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து கிடையாது. தமிழை அனுப்பினால் கேள்விக்குறியாகக் கக்கும். ரசீதைப் படமாக வரைந்து அனுப்புவதுதான் வழி. தாள் 58 என்றாலும் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர், 384 புள்ளி. பைத்தானில் படம் வரைய உதவும் பில்லோ நூலகத்தில் 384 புள்ளி அகலத்துக்கு ஒரு வெள்ளைப் படம் திறந்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் எழுதினேன்.

முதல் ரசீதில் அன்னக்கொடியின் கொம்பு கவுக்குப் பின்னால் போய் நின்றது. இது எனக்குத் தெரிந்த வியாதிதான், பழைய பிடிஎஃப்களில் பார்த்திருக்கிறேன். எழுத்துகளைச் சேர்த்து உருவம் கொடுக்கிற வேலையைப் பில்லோ தானாகச் செய்யாது, ராக்ம் என்ற நூலகம் செய்ய வேண்டும். ராக்ம் இருக்கிறதா என்று பில்லோவிடமே கேட்டேன், இல்லை என்றது. விண்டோஸில் அதற்கு ஃபிரிபிடி என்ற இன்னொரு நூலகக் கோப்பு (டிஎல்எல்) கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டுமாம். அதைக் கொண்டுவந்து போட்டதும் கொம்பு முன்னால் வந்தது. இந்த ஒரு வரி உண்மையைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி போனது. மறுநாள் இன்டர்னல் தேர்வு. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

எக்செல்லில் திறக்க அப்பாவின் நண்பர் ஒருவர் கோப்பு கேட்டார், கொடுத்தால் எல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தது. பைத்தானில் எழுதும்போது கோப்பின் குறிமுறையை யூடிஎஃப்-8க்குப் பதில் யூடிஎஃப்-8-சிக் என்று போட்டால் எக்செல் புரிந்துகொள்ளும். நிரலை மட்டும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் எல்லோரும் பார்க்க வைத்தேன். யார் எவ்வளவு செய்தார்கள் என்கிற கோப்பு இணையத்துக்குப் போகக்கூடாது என்று அப்பா சொல்லுமுன் நானே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

கல்யாணத்தன்று பெண் வீட்டு மொய் மேசையில் நான், பெரியப்பா, சித்தப்பா. பெரியப்பா நோட்டில் எழுதினார். சித்தப்பா பணம் வாங்கினார். நான் அடித்தேன். நோட்டு எதற்கு, அதுதான் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று நான் முன்னமே வாதாடிப் பார்த்திருந்தேன். பெரியப்பா காதிலேயே வாங்கவில்லை. நல்லவேளை.

ஊரின் முதல் இரண்டு எழுத்தை அடித்தால் ஊர் வரும், பெயரின் முதல் எழுத்தை அடித்தால் ஆட்கள் பட்டப்பெயரோடு வரிசையாக வருவார்கள், அம்புக்குறியால் தேர்ந்தெடுத்து என்டர் தட்ட வேண்டும். வீட்டில் பழகியபோது அருமையாக இருந்தது. முகூர்த்தம் முடிந்து கூட்டம் மேசையை மொய்த்தபோது, நான் அம்புக்குறியை மறந்து நேராக என்டரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டியலில் முதலாவதாக இருப்பவர் பெயரில் போய் விழுந்திருக்கிறது. ரசீதை வாங்கிப் பார்த்த ஒரு பெரியவர், "தம்பி, நான் மிலிட்டரி இல்லையே, டீக்கடை" என்று திருப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. பெரியப்பாவின் நோட்டோடு ஒப்பிட்டு ஏழு பேரைத் திருத்தினேன். அங்கேயே நிரலைத் திறந்து, அம்புக்குறி தட்டாமல் என்டர் வேலை செய்யாதபடி ஒரு வரி மாற்றினேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கை வைக்கக்கூடாது என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். வகுப்பு நடத்துகிறவருக்கு முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு இருபது பேர் நிற்பதில்லை.

பந்தி முடிந்து கணக்குப் பார்த்தோம். என் கூட்டல் பணத்தைவிட 1,001 ரூபாய் கூடுதலாகக் காட்டியது. சித்தப்பா முகம் மாறிவிட்டது. பணப்பை அவர் மடியில்தான் இருந்தது. நோட்டின் கூட்டல் பணத்தோடு சரியாக இருந்ததால் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. தேடினால் ஒரே ஆள், ஒரே தொகை, இரண்டு வினாடி இடைவெளியில் இரண்டு வரி. பிரிண்டர் மெதுவாக இழுத்தபோது பதிவாகவில்லையோ என்று நான் மறுபடி தட்டியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் திரை திறக்கும்போதே ஒரு எண் கொடுத்து, அந்த எண் ஒரு தடவைதான் செல்லும் என்று வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒருவரிடமும் சொல்லவில்லை. தெர்மல் தாள் வெயில் பட்டால் சில மாதத்தில் வெளுத்துவிடும். பெரியப்பாவின் நோட்டு மஞ்சள் பையில் நான்காவதாகச் சேர்ந்து பரணுக்குப் போய்விட்டது. டேட்டாபேஸ் ஒரே ஒரு கோப்புதான். பென்டிரைவில் ஒரு பிரதி அப்பாவின் பீரோவில் இருக்கிறது.

அக்கா மறுவீடு வந்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டாள். நான் திரும்பவும் காலை ஏழு மணி மதுரை பஸ்ஸில். போன வியாழக்கிழமை லேப்பில் இருந்தபோது அப்பா போன் செய்தார். வாலாந்தூரில் கருப்பையா வீட்டில் காதுகுத்தாம், நமக்கு எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டார். எந்தக் கருப்பையா என்றேன். தெரியவில்லை, பத்திரிகையில் பெ. கருப்பையா என்றுதான் இருக்கிறது என்றார். பின்னால் அப்பத்தாவின் குரல் கேட்டது: "ரெண்டு பேரும் இல்லடா. இது மூணாவது ஆளு, மேலத்தெரு."

பட்டப்பெயர் பத்தியில் மேலத்தெரு என்று சேர்த்துக்கொண்டேன். அந்த ஆள் எங்களுக்கு எப்போதும் எதுவும் செய்ததில்லை. எவ்வளவு எழுதுவது என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.